பல்செட்டோடு விண்ணேறிய பாப்பரசர்

அத்தியாயம் 4

கட்டிலில் பாப்பரசர் படுத்திருந்தார். இன்னும் சரியாகச் சொன்னால், பாப்பரசரின் உடுப்பு படுத்திருந்தது. ஆள் இல்லை.

வெள்ளை அங்கி, ஒரு பொத்தான் விடாமல் மாட்டப்பட்டு, நீளவாக்கில் கிடந்தது. தலை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைக் குல்லாய். வலது கை முடியும் இடத்தில் மோதிரம். கால்மாட்டில் சிவப்புச் செருப்பு. சுற்றிலும் நாலு மெழுகுவத்தி, அவை அணைந்துவிடாதபடி சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்த ஒரு டேபிள் ஃபேன்.

“வியாழக்கெழம காலையில கதவத் தொறந்தோம். உடுப்பு இப்பிடியே கெடந்துச்சு. உடலோட விண்ணேறிட்டாக,” என்றார் கர்தினால் பொன்னுராஜ். கர்தினால் ஆகும் முன் டிராக்டர் ஏஜென்சி வைத்திருந்தவர். எதைச் சொன்னாலும் ஐந்து வருட வாரண்டி இருக்கிற மாதிரியே சொல்வார்.

ஜெபஷீலா கட்டிலைப் பார்க்கவில்லை. ஜன்னல் விளிம்பைப் பார்த்தாள். அங்கே ஒரு எவர்சில்வர் டம்ளரில் பாதி தண்ணீர் இருந்தது, பக்கத்தில் ஒரு குட்டி பிரஷ். பழனிசெட்டிபட்டியில் டயர் கடை மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவள் அவள். வருகிற கேஸில் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரணை. மாப்பிள்ளைகளின் ரகசியம் பீரோவில் இருக்காது, பாத்ரூம் ஜன்னலில்தான் இருக்கும் என்பது அவள் பத்து வருடத்தில் கற்றுக்கொண்டது.

“பல்செட்டு எங்கங்க?” என்று கேட்டாள்.

கர்தினால் டம்ளரைப் பார்த்தார். அவர் அதை இதுவரை பார்த்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. “விண்ணேற்புல உடம்பு முழுசாப் போகும்மா. பல்லும் உடம்புல சேத்திதான்.”

“அது உடம்போட பெறந்தது இல்லையேங்கய்யா,” என்றான் மொக்கைச்சாமி. “உத்தமபாளையத்துல அச்செடுத்துச் செஞ்சது. மோச்சத்துல ஒரிஜினலே மொளைச்சிருக்குமே. டூப்ளிகேட்ட எதுக்குத் தூக்கிச் சொமக்கணும்?”

மொக்கைச்சாமி ஜெபஷீலாவின் உதவியாளன். அது குலசாமியின் பெயர் என்று அவன் எல்லாரிடமும் சொல்வான். அவன் ஜோக்குகளைக் கேட்டவர்கள் நம்புவதில்லை.

கர்தினால் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு விண்ணேற்புப் பெருவிழா இருப்பதாகவும், அதில் அடுத்த பாப்பரசர் யார் என்பதும் அறிவிக்கப்படும் என்றும், அடக்கத்தோடு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அடுத்தவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. அவருக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான்.

இந்த கேஸைக் கொண்டுவந்தவர் அன்னத்தாய். சபையில் அவருக்கு ‘அன்னைத் தலைவி’ என்று பெயர். வேலை, சமையல். அதற்கு முன்னால் அவர் பாப்பரசரின் மனைவி. சமையல்கட்டில் விறகுப் புகைக்கு நடுவே உட்கார்ந்து அவர் சொன்ன கதையைச் சுருக்கினால் இப்படி வரும்.

ராயப்பன் போடியில் இருபத்திரண்டு வருடம் ஏலக்காய் ஏலம் கூறியவர். மைக் இல்லாமலே மூன்று தெரு தாண்டிக் கேட்கும் குரல். அப்புறம் கம்ப்யூட்டர் ஏலம் வந்தது, வியாபாரிகள் உட்கார்ந்த இடத்தில் பொத்தானை அமுக்கினார்கள், கூற ஆள் தேவைப்படவில்லை. வீட்டில் உட்கார்ந்த குரல் சும்மா இருக்குமா? பூசை லத்தீனில்தான் நடக்கணும், தமிழில் வைத்தால் செல்லாது என்று பங்குக் கோயிலில் சண்டை பிடித்தார். பங்குச் சாமியாரான மிக்கேல் அடிகளார் போய் வேலையைப் பாருடா என்றார். அன்றைக்குப் பிரிந்ததுதான் ‘ஆதி ரோமைச் சபை’. குமுளியில் ஒரு லாட்ஜில், ஊர் ஊராகச் சுற்றும் ஒரு பிஷப்பிடம் திங்கட்கிழமை குருப்பட்டமும் வெள்ளிக்கிழமை ஆயர் பட்டமும் வாங்கிக்கொண்டார். ஆறு மாதத்தில், ரோமில் இருப்பவர் செல்லாதவர், நாற்காலி காலி என்று தீர்மானித்து ஒரு தேர்தல் வைத்தார். வாக்களித்தவர்கள் அவரும் இரண்டு மச்சினர்களும். பெயர் தேடும் சிரமம்கூட இல்லை. முதல் பாப்பரசர் ராயப்பர், இவர் ஞானஸ்நானப் பெயரே ராயப்பன். அனுமந்தன்பட்டிக்குத் தெற்கே திராட்சைத் தோட்டத்துத் தகரக் கொட்டகையில் ‘இரண்டாம் ராயப்பர்’ என்று எழுதிப் போட்டார்கள்.

பாப்பரசருக்கு மனைவி இருக்கக் கூடாது. அதற்கு ஆணை எண் நான்கு: தாலி பீடத்தில் ஒப்படைக்கப்படும் நொடியிலிருந்து இத்திருமணம் இல்லாததாகும். ஆணை எண் ஐந்து: அன்னைத் தலைவி அவர் முன்னிலையில் சாப்பாடு, மாத்திரை இரண்டைத் தவிர எதுவும் பேசக் கூடாது. பதினைந்து வருடமாக அன்னத்தாய் அதையும் கடைப்பிடித்தார்.

“திங்கக்கெழம மதுரையில நெஞ்சு ஆபரேசன் தாயி, பைபாசு,” என்றார் அன்னத்தாய். “மாத்திரைய இங்கனயே விட்டுட்டுப் போயிட்டாக. இன்னியோட மூணு நாளு. நாளைக்கி மைக்குல விண்ணேறிட்டாகன்னு சொல்லிட்டா, அதுக்குப் பெறகு ஒருத்தரும் தேட மாட்டாக. எங்கயாவது ரோட்டோரமா விழுந்து கெடந்தாலும் அவுக பாப்பரசர் இல்ல, வேற யாரோ கெழவனும்பாக.”

சேலைத் தலைப்பில் முடிந்திருந்த மாத்திரை அட்டையை அவர் எடுத்துக் காட்டினார். ஜெபஷீலா அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தொழில் கேள்வி ஒன்றைக் கேட்டாள். பல்செட்டை அவர் எப்போது மாட்டுவார்?

சாப்பிடக்கூட மாட்ட மாட்டாராம். கஞ்சியும் பிசைந்த இட்லியும்தான். பூசைக்கும் பிரசங்கத்துக்கும் மட்டுமே பல். பல் இல்லாவிட்டால் பேசுவது காற்றாகப் போய்விடும்.

“அப்ப எங்கயோ சாப்புடப் போகல, சாகவும் போகல,” என்றாள் ஜெபஷீலா, வெளியே வந்ததும். “யாருகிட்டயோ பேசப் போயிருக்காரு. திருத்தமாப் பேசணும்னு போயிருக்காரு.”

யாரிடம் என்பதற்குத் துப்பு பாப்பரசரின் பூசைப் புத்தகத்துக்குள் இருந்தது. ஒரு துண்டுத்தாள். கர்தினால் அதை ஏற்கெனவே பார்த்து, உலக முடிவு பற்றிய தீர்க்கதரிசனம் என்று முடிவுகட்டி, பத்திரமாகத் திரும்ப வைத்திருந்தார். அதில் இருந்தது இவ்வளவுதான்:

2 – 300
4 – 2
6 – 1
7 – 3
8 – எண்ண முடியலை

“கேரளா லாட்டரி,” என்றான் மொக்கைச்சாமி உடனே. “கம்பமெட்டு வழியா ஏறிப் போயிருக்காரு. பம்பர் விழுந்திருக்கும், அதான் ஆளக் காணோம்.”

“லாட்டரியில எண்ண முடியலைன்னு ஒரு நம்பர் உண்டா?”

அவள் தாள் இருந்த பக்கத்தைப் படித்தாள். ‘பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும் முறை: எந்தக் கட்டளையை மீறினோம், எத்தனை முறை மீறினோம் என்று தனித்தனியாக நினைவுகூர்க.’ இடது பக்க எண் எதுவும் பத்தைத் தாண்டவில்லை. பத்துக் கட்டளை. வலது பக்கம் எத்தனை தடவை.

ஜெபஷீலா போடி பஜாரில் பாத்திரக் கடை வைத்திருந்த புராட்டஸ்டண்டு சீர்திருத்தச் சபைக் குடும்பத்துப் பெண். ஞாயிறு பள்ளியில் பத்துக் கட்டளையைத் தலைகீழாகவும் ஒப்பித்துப் பரிசு வாங்கியவள். விரல் விட்டு எண்ணினாள். முகம் வெளுத்தது.

“ஆறு, கொலை செய்யாதிருப்பாயாக. ஒண்ணு. ஏழு, விபசாரம். மூணு. எட்டு, களவு. எண்ண முடியல.”

மொக்கைச்சாமி தாளை வாங்கிப் பார்த்தான். “இம்புட்டையும் பண்ணிட்டு தெனம் ரெண்டு வேள பூசையும் வச்சிருக்காரே. எப்பிடி மேடம் நேரம் கெடச்சுது?”

“மெதுவாப் பேசு. அந்தம்மா காதுல விழுந்துரும்.” அவள் தாளைக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டாள். ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிவிடக் கிளம்பியிருக்கிறார், அது சரி. ஒரு கொலையை யாரிடம் சொல்வார்? அதை விடு. எதையுமே யாரிடம் சொல்வார்?

இங்கேதான் பாப்பரசர் தன் வலையில் தானே விழுந்திருந்தார். கொட்டகையின் சுற்றுச்சுவரில், ‘இங்கு சிறுநீர் கழிக்காதீர்’ என்பதற்கு மேலே, நீல எழுத்தில் சபையின் கொள்கை எழுதியிருந்தது: ‘1968க்குப் பிறகு வந்த புதுச் சடங்கில் பட்டம் பெற்ற குருக்கள் எவரும் செல்லார்.’ தனக்குப் பட்டம் கொடுத்த பிஷப்பையும் பிற்பாடு சண்டையில் செல்லாதவராக்கிவிட்டார். தன் கர்தினால்களுக்குச் சிவப்புத் தொப்பி கொடுத்தாரே தவிர, போட்டிக்கு வந்துவிடுவார்கள் என்று குருப்பட்டம் கொடுக்கவில்லை. அவர் சட்டப்படி சபையில் மிச்சமிருந்த ஒரே செல்லுபடியான சாமியார் அவர்தான். ஊருக்கெல்லாம் ஊசி போடும் கம்பவுண்டர் தன் இடுப்பில் தானே போட்டுக்கொள்ள முடியாத கதை.

“அப்ப 1968க்கு முந்தி பட்டம் வாங்குன ஆளு யாராச்சும் உசுரோட இருக்கணும்,” என்றாள் ஜெபஷீலா. “எண்பது தாண்டியிருப்பாரு. இவருக்கும் தெரிஞ்சவரா இருக்கணும்.”

பதில் சபைநீக்கப் பதிவேட்டில் கிடைத்தது. பாப்பரசர் சபையை விட்டு விலக்கியவர்களின் பெயர்ப் பட்டியல் அது. பதினைந்து வருடத்தில் முந்நூற்றுப் பதினேழு பேர். உறுப்பினர் பதிவேடு நாற்பத்தொரு குடும்பத்தோடு நின்றுபோயிருந்தது. முதல் வரியில், கோபத்தில் பேனா தாளைக் கிழித்திருக்க, ‘எண் 1: மிக்கேல் அடிகளார், குருப்பட்டம் 1966’ என்று இருந்தது.

மிக்கேல் சாமி இப்போது சின்னமனூர் தாண்டி, தென்னந்தோப்புக்குள் இருக்கும் ஒரு முதியோர் இல்லத்தில் இருப்பதாக அன்னத்தாய் சொன்னார். ஜெபஷீலாவின் பழைய ஆல்டோவில் பின்சீட்டில் ஏறிக்கொண்டு, ஒரு தூக்குச்சட்டி இட்லியும் ஜன்னலில் இருந்த அந்த எவர்சில்வர் டம்ளரும் மடியில் வைத்துக்கொண்டார். எதற்கு டம்ளர் என்று கேட்டதற்கு, பல்லைக் கழற்றினால் எங்கே வைப்பாக என்றார்.

வழியெல்லாம் ஃபிளெக்ஸ். மேகத்துக்கு நடுவே ராயப்பர் சிறியதாகவும், கீழே கை கூப்பிய பொன்னுராஜ் பெரியதாகவும் இருந்தார்கள். ஜெபஷீலா கண்ணாடியில் அன்னத்தாயைப் பார்த்து, கொட்டகையில் எப்போதாவது யாராவது திடீரென்று இறந்ததுண்டா என்று பட்டும்படாமலும் விசாரித்தாள். ஈஸ்டருக்குக் கோழி அடிப்போம், அம்புட்டுத்தான் என்றார் அவர். பிணத்தைத் திராட்சைப் பந்தலுக்கடியில் புதைத்திருப்பார்களோ என்று ஜெபஷீலா உத்தமபாளையம் வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தாள்.

இல்லத்தின் வாசலில் காவலாளி ராக்கையா இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே வராந்தாவில் நடமாடிய நாலைந்து கிழவர்களும் பஞ்சு வைத்திருந்தார்கள். தொற்றுநோயா என்று மொக்கைச்சாமி சைகையில் கேட்டான். ராக்கையா ஒரு பஞ்சை எடுத்தார்.

“மிக்கேல் சாமிக்குக் காது சுத்தமாக் கேக்காது. வந்தவருக்கோ ஏலங் கூறுன கொரலு. பாவஞ் சொல்றது ரகசியமாம், அடுத்தவுக கேக்கப்புடாதாம். வியாழக்கெழமையில இருந்து கத்திக்கிட்டு இருக்காரு. நாங்க வேற என்னங்க செய்ய?” என்று சொல்லிவிட்டுப் பஞ்சைத் திரும்ப வைத்துக்கொண்டார்.

அவர் உயிரோடுதான் இருக்கார் என்று கேட்டதும் அன்னத்தாய் சுவரில் சாய்ந்து இரண்டு நிமிடம் அழுதார். அதற்குள் கடைசி அறையிலிருந்து அந்தக் குரல் தோப்பு அதிர வந்தது.

“ஆறு! ஒண்ணு!”

பதிலுக்கு ஒரு கிழட்டுக் குரல், தனக்கே கேட்காததால் அதைவிடச் சத்தமாக: “அது பாவமில்லடா!”

ஜெபஷீலாவின் கை கைப்பையை இறுக்கிப் பிடித்தது. மொக்கைச்சாமி அவள் பக்கம் குனிந்தான். “கத்தோலிக்கத்துல மொதக் கொலைக்குத் தள்ளுபடி உண்டா மேடம்?”

“என்ன கொலை?” என்றார் அன்னத்தாய்.

இனி மறைத்துப் பயனில்லை. ஜெபஷீலா தாளை எடுத்து நீட்டி, ஆறாம் கட்டளைக்கு நேரே இருந்த ஒன்றைக் காட்டினாள். அன்னத்தாய் அதைப் பார்த்தார். அறுபத்து மூன்று வயது முகம் மெல்லச் சிவந்தது.

“எங்களுக்குக் கொலை அஞ்சு தாயி.”

ஜெபஷீலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் ஞாயிறு பள்ளியில் சிலை செய்யாதே என்பது தனி இரண்டாம் கட்டளை. கத்தோலிக்கர்கள் அதை முதலாவதோடு சேர்த்துவிடுவார்கள். அதற்குப் பின் வருவதெல்லாம் ஒவ்வொரு எண் முன்னால் நகர்ந்துவிடும். பரிசு வாங்கிய படிப்பு ஒரு மனுஷனைக் கொலைகாரனாக்கிவிட்டது. எண்ண முடியாத எட்டு களவு இல்லை, பொய். ஏழு விபசாரம் இல்லை, களவு. அப்படியானால் ஆறு?

“யாரு கூடங்க?” என்றாள், தயங்கி.

அன்னத்தாய் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். “ஊரடங்கு சமயம். ஒரு மாசமா கொட்டகைக்கு ஒருத்தரும் வரல. மழை வேற. பேசப்புடாதுன்னு ஆணை இருக்கு, அதனால பேசல.”

மொக்கைச்சாமி ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். ஜெபஷீலா அவன் காலை மிதித்தாள்.

மூன்று நாளாக அந்த அறையில் முடியாமல் இழுத்துக்கொண்டிருந்த வழக்கு இதுதான். சொந்தப் பெண்டாட்டியோடு இருந்தது பாவமே இல்லை, அதற்கு மன்னிப்புக் கொடுக்க முடியாது என்கிறார் மிக்கேல் சாமி. பாவம்தான், கல்யாணத்தை நான் ரத்துசெய்துவிட்டேன் என்கிறார் ராயப்பன். பாவம் இல்லை என்று ஒத்துக்கொண்டால் அவர் இன்னும் கல்யாணமானவர். கல்யாணமானவர் பாப்பரசர் இல்லை. ஒரே ஒரு பாவத்தை விட்டுக்கொடுத்தால் பதவியே போய்விடும் என்பதால், மனுஷர் அந்தப் பாவத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

அன்னத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் தள்ளினார்.

மிக்கேல் சாமி பனியனுக்கு மேல் பாவசங்கீர்த்தனம் கேட்கும்போது போடும் ஊதாப் பட்டியைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில், அங்கியைக் கொட்டகைக் கட்டிலில் கழற்றிப் போட்டுவிட்டு வந்த இரண்டாம் ராயப்பர், லுங்கியும் மடிப்பு கலைந்த சட்டையுமாக. உதடு நீலம் பாரித்திருந்தது.

“அன்னைத் தலைவி,” என்று எழப் பார்த்தார்.

“மொதல்ல மாத்திரையப் போடுங்க.”

போட்டார். தண்ணீர் குடித்தார். அன்னத்தாய் டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, ஆணை எண் ஐந்தைப் பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக மீறினார்.

“அன்னிக்கிப் பீடத்துல நான் வச்சது இது இல்ல. அது வீரபாண்டித் திருவிழாவுல வாங்குன கவரிங்கு. நீங்களும் லத்தீன்ல என்னமோ பாடி வாங்கி வச்சுக்கிட்டீக.” ரவிக்கைக்குள்ளிருந்து மஞ்சள் கயிற்றை இழுத்தார். சிலுவை போட்ட தாலி, தேய்ந்து வழவழப்பாகியிருந்தது. “இது ஒரு நாளும் கழுத்த விட்டு எறங்கல.”

மிக்கேல் சாமிக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஆனால் தாலியைப் பார்த்தார், அடையாளம் தெரிந்தது. “நான் மந்திரிச்சதுடா அது,” என்றார் பலமாக.

ராயப்பன் குனிந்து தாலியைப் பார்த்தார். அவரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், தான் போட்ட சட்டத்தைத் தானே மீறியவர் இல்லை. தாலி ஒப்படைக்கப்படும் நொடியிலிருந்து என்று எழுதியவர் அவர். தாலி ஒப்படைக்கப்படவில்லை. ஆக கல்யாணம் நிற்கிறது. ஆக பாப்பரசர் இல்லை. ஆக முந்நூற்றுப் பதினேழு சபைநீக்கமும் செல்லாது, எதிரே பனியனோடு உட்கார்ந்திருக்கும் முதல் நம்பர் உட்பட. உதடு அசைய ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டு முடித்தபோது அவர் தோள் இரண்டும் குலுங்கின.

“சாமி!” என்று கத்தினார். “ஆற அடிச்சிருங்க! எட்டுல ஒண்ணு கூட்டிக்கங்க!”

மற்றவர்கள் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். பஞ்சு இல்லாததால், மிக்கேல் சாமி கொடுத்த அபராதம் மட்டும் அவர்கள் காதில் விழுந்தது. நாளைக்குப் போயி உன் சனத்துக்கிட்ட உன் வாயாலயே சொல்லிரு.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கொட்டகையில் நாற்பத்தொரு குடும்பமும் உட்கார்ந்திருந்தது. பொன்னுராஜ் மைக்கைப் பிடித்து விண்ணேற்பை வர்ணித்துக்கொண்டிருந்தபோது, கேட்டருகே ஆல்டோவிலிருந்து வேட்டி சட்டையில் ராயப்பன் இறங்கினார். பக்கத்தில் அன்னத்தாய், தாலியை வெளியே போட்டுக்கொண்டு.

மைக் தேவைப்படவில்லை. “நான் பாப்பரசர் இல்ல. எப்பவுமே இருந்ததில்ல. உங்கள ஏமாத்திட்டேன், மன்னிச்சிருங்க.”

கூட்டம் திரும்பிப் பார்த்தது. முன்வரிசையில் ஒரு பெண், அவுக சாயல் இருக்கே என்று முணுமுணுத்தாள். பொன்னுராஜ் ஒரு கணம் ஆடிப்போனார். பிறகு டிராக்டர் விற்ற முகம் திரும்பி வந்தது.

“பாப்பரசர் விண்ணேறிட்டாகன்னு நான் சொல்றேன். நான் பாப்பரசர் இல்லைன்னு இவரு சொல்றாரு,” என்றார் கூட்டத்தைப் பார்த்து. “ரெண்டு பேரும் ஒண்ணத்தான சொல்றோம்?”

கூட்டத்துக்கு அது நியாயமாகப் பட்டது. பொன்னுராஜ் சபைநீக்கப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி, லத்தீனில் ஆணை வாசித்தார். தான் அவருக்குக் கற்றுக்கொடுத்த லத்தீனை ராயப்பன் கேட்டுக்கொண்டு நின்றார். இரண்டு இடத்தில் உச்சரிப்பு தப்பு. எண் 318, ராயப்பன், முன்னாள் ஏலம் கூறுபவர், அனுமந்தன்பட்டி. நாற்பத்தொரு குடும்பமும் ஆமென் என்றது. பதினைந்து வருடம் தன் கையால் நற்கருணை வாங்கிய முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒருவரும் எழுந்து வரவில்லை. அவருக்குக் கண் கலங்கியது.

“அப்பிடியே ரிட்டயர்மெண்டு ஆர்டரும் வந்திருச்சு,” என்றான் மொக்கைச்சாமி, காரின் கதவைத் திறந்துவிட்டபடி. இந்தத் தடவை ஜெபஷீலா அவன் காலை மிதிக்கவில்லை.

மறுநாள் ஆபரேஷன். ஆல்டோ தேனியைத் தாண்டி மதுரை ரோட்டில் ஏறியதும் அன்னத்தாய் டம்ளரில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி நீட்டினார். ராயப்பன் பல்செட்டைக் கழற்றி அதில் போட்டார். அன்னத்தாய் இட்லியைச் சாம்பாரில் பிசைந்து தர, வாங்கித் தின்றுகொண்டு வந்தார். மதுரை வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்னத்தாய்தான் பேசிக்கொண்டே வந்தார்.